அளவுக்கு மீறிய சம்பளத்தில் ஃப்ரீலான்ஸ் வேலை வந்தால்: ஒத்துக்கொள்ளும் முன் சரிபார்க்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்து, உள்ளூர் கம்பெனிச் சம்பளத்தைவிடப் பல மடங்கு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே தொகை பெரிது என்ற ஒரே காரணத்துக்காக எந்த வேலையையும் தள்ளிவிட வேண்டியதில்லை. அவசரம், எளிதில் கிடைக்காத திறமை, டாலர் மதிப்பு, தவறினால் பெரும் நஷ்டம் வரக்கூடிய பொறுப்பு: இவற்றில் ஒன்றாவது இருந்தால் நல்ல கூலி உண்டு. தமிழ், மலையாளம் இரண்டையும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் விளவங்கோடு, கல்குளம் பக்கம் பலர் உண்டு; மற்ற மாவட்டங்களில் அப்படிப்பட்டவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். படங்களுக்கு வசன வரி எழுத, குரல் பதிவை எழுத்தாக்க, செயற்கை நுண்ணறிவு தரும் பதில்களைத் திருத்த இவர்களைத் தேடி ஆள் வருவது உண்மை.

ஏமாற்றுக்காரர்களும் இதே வேலைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார்கள். பார்க்க வேண்டியது ஒன்று: இவ்வளவு தருவதற்கான காரணம் அந்த வேலைக்குள்ளேயே தெரிகிறதா? தெரியவில்லை என்றால், அவர்களுக்கு வேண்டியது உங்கள் உழைப்பாக இருக்காது. உங்கள் பணமோ, ஆதாரோ, வங்கிக் கணக்கோ, கணினியோ, சில நேரம் நீங்களேயோதான் குறி. கல்லூரி முடித்து முதல் வாடிக்கையாளரைத் தேடும் பிள்ளைகளும், அவர்களுக்குப் பணம் கொடுத்து உதவும் பெற்றோரும் கீழே உள்ளதை வரிசையாகச் செய்து பார்க்கலாம்.

முதலில் கணக்குப் போடுங்கள்

‘ஸ்கேன் செய்த பக்கங்களைத் தட்டச்சு செய்து கொடுங்கள், பக்கத்துக்கு 500 ரூபாய்’ என்று ஒரு செய்தி வருகிறது. ஒரு பக்கத்தில் 300 சொற்கள், நிமிடத்துக்கு 30 சொற்கள் வேகம் என்று வைத்தால் பத்து நிமிடம். மணிக்கு 3,000 ரூபாய், எட்டு மணி நேரத்துக்கு 24,000 ரூபாய். அதே பக்கத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் சில விநாடிகளில் எழுத்தாகிவிடும், அதுவும் இலவசமாக. அப்படியிருக்க 500 ரூபாய் கொடுப்பவருக்கு என்ன லாபம்? யூடியூப் வீடியோவுக்கு ஒரு லைக் போட 50 ரூபாய் என்பதும் இப்படித்தான். ஆயிரம் லைக்குக்கு 50,000 ரூபாய் செலவழித்து அந்தச் சேனல்காரர் எதைச் சம்பாதிப்பார்?

இனி ஒரு நல்ல வேலையைப் பாருங்கள். நம் மாவட்டத்துப் பழைய நிலப் பத்திரங்கள் பல, திருவிதாங்கூர் காலத்தில் மலையாளத்தில் எழுதியவை. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், ஊருக்கு வந்து விற்பனையை முடிக்க நான்கு நாள்தான் விடுப்பு என்று சொல்லி, முப்பது பக்கத்தை இரண்டு நாளில் தமிழாக்க இரட்டைக் கூலி தருகிறேன் என்றால் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. பத்திரம் தாமதமானால் அவருக்கு ஏற்படும் நஷ்டத்தைவிடக் கூலி குறைவு. கொடுப்பவர் பக்கம் நின்று இந்த வரவு செலவை எழுதிப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

கொடுப்பவர் யார் என்று பாருங்கள்

ஆள் பெயர், நிறுவனத்தின் முழுப் பெயர், இணையதளம், மின்னஞ்சல் முகவரி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் எண்ணும் நிறுவனச் சின்னம் போட்ட முகப்புப் படமும் எதற்கும் சான்று ஆகாது.

மின்னஞ்சலில் ‘@’ குறிக்குப் பின்னால் உள்ளதை வலது கோடியிலிருந்து படியுங்கள். கடைசியில் வரும் ‘டாட் காம்’ போன்ற பகுதிக்கு நேர் முன்னால் இருப்பதே உரிமையாளர் பெயர். பிரபல நிறுவனத்தின் பெயர் அதற்கும் இடப்பக்கம் இருந்தாலோ, பெயரோடு ‘கேரியர்ஸ்’, ‘ஜாப்ஸ்’, ‘எச்ஆர்’ என்று ஒட்டுப் போட்டிருந்தாலோ அது வேறு யாரோ வாங்கிய முகவரியாக இருக்கலாம். அந்தத் தளப்பெயர் எந்த நாளில் பதிவானது என்பதை ‘ஹூஇஸ்’ தேடலில் இலவசமாகப் பார்க்கலாம். பத்து வருடமாகத் தொழில் செய்கிறோம் என்கிற நிறுவனத்தின் தளம் போன மாதம் பதிவாகியிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தியக் கம்பெனி என்றால் பதிவு எண் கேளுங்கள். சிஐஎன் எனப்படும் அந்த எண்ணில் 21 எழுத்தும் இலக்கமும் இருக்கும். 7, 8ஆம் இடங்கள் மாநிலத்தையும், 9 முதல் 12 வரை உள்ள நான்கு இலக்கங்கள் கம்பெனி பதிவான ஆண்டையும் சொல்லும். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் அதைத் தேடினால் பெயர், முகவரி, இயங்குகிறதா இல்லையா என்பது வரும். ஜிஎஸ்டி எண் 15 இடங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்றும் கேரளப் பதிவு 32 என்றும் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் உள்நுழையாமலே தேடிப் பார்க்கலாம். திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் டெக்னோபார்க்கில் இருக்கிறோம் என்பவர் 07 என்று தொடங்கும் டெல்லி எண்ணைக் கொடுத்தால், ஏன் என்று கேளுங்கள். பல மாநிலங்களில் கிளை உள்ள நிறுவனமாகவும் இருக்கலாம். அப்படியானால் கேரள எண்ணும் இருக்க வேண்டும்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் இன்னும் ஒரு படி பாக்கி. உண்மையான கம்பெனியின் பதிவு எண்ணை எடுத்துத் தன்னுடையது என்று காட்டுவது மோசடிக்காரருக்கு ஒரு நிமிட வேலை. ஆகவே வந்த செய்தியில் உள்ள இணைப்பைத் தொடாமல், நிறுவனத்தின் தளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, அங்கே உள்ள எண்ணிலோ மின்னஞ்சலிலோ ‘இந்தப் பெயரில் உங்களிடம் ஆள் உண்டா, இந்த வேலை உங்களுடையதா’ என்று கேளுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் கூச்சத்தால் தவிர்ப்பது இந்த ஒரு படியைத்தான். எங்கள் கருத்தில் மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இதற்கே பலம் அதிகம்.

பேச்சில் தெரிவது

உண்மையாக வேலை வைத்திருப்பவருக்குக் கவலைகள் இருக்கும். முன்பு செய்ததைக் காட்டு என்பார், எத்தனை நாளாகும் என்பார், கூலியில் பேரம் பேசுவார். உங்கள் திறமையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், டெலிகிராமில் எழுத்திலேயே ‘நேர்காணல்’ நடத்தி, அரை மணி நேரத்தில் ‘தேர்வாகிவிட்டீர்கள்’ என்பவருக்கு அந்தக் கவலைகள் இல்லை.

நீங்களும் கேளுங்கள்: முடிந்த வேலையை யார் பயன்படுத்துவார், யார் சரிபார்ப்பார், எத்தனை முறை திருத்தம், எந்தத் தேதியில் எந்த வழியில் பணம், ஒப்பந்தத்தில் எதிர்த்தரப்பாகக் கையெழுத்திடும் நிறுவனம் எது. ஐந்து நிமிடக் காணொளி அழைப்பும் கேளுங்கள். பதிலுக்கு ‘சீட் இன்னும் இரண்டுதான் இருக்கிறது, இன்றைக்குள் சொல்லுங்கள்’ என்று வந்தால் விலகிவிடலாம்.

அப்வொர்க், ஃபைவர் போன்ற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளங்களில் புதிதாகக் கணக்குத் திறந்தவர்களுக்கு முதல் சில நாட்களிலேயே ‘டெலிகிராமுக்கு வாருங்கள்’ என்றோ, க்யூஆர் படம் அனுப்பி ‘இதை ஸ்கேன் செய்தால் கணக்குச் சரிபார்க்கப்படும்’ என்றோ செய்திகள் வரும். முதல் ஆர்டர் கிடைக்காதா என்று ஏங்கும் நேரம் என்பது அவர்களுக்குத் தெரியும். தளத்தின் நிர்வாகம் அப்படிச் செய்தி அனுப்பாது. ஒப்பந்தம் ஆகும் முன் பேச்சைத் தளத்துக்கு வெளியே கொண்டுபோனால் தளத்தின் பாதுகாப்பு உங்களுக்கு இல்லாமல் போகும்; உங்கள் கணக்கையே முடக்கவும் விதியில் இடம் உண்டு.

மாதிரி வேலையும் சோதனைத் தேர்வும்

மொழிபெயர்ப்பில் 200, 300 சொற்களுக்கு மாதிரி கேட்பது வழக்கம். அதற்கு மேல் என்றால் கூலி பேசிவிட்டுச் செய்யுங்கள். பத்துப் பேருக்கு ஆளுக்கு ஒரு அத்தியாயம் ‘சோதனை’யாகக் கொடுத்து முழுப் புத்தகத்தையும் காசில்லாமல் முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. குரல் பதிவு வேலை என்றால், அந்தக் குரலை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம், செயற்கைக் குரல் உருவாக்கலாமா, எத்தனை காலத்துக்கு என்று எழுத்தில் வாங்குங்கள்.

நிரல் எழுதுகிறவர்கள் இங்கே நின்று படிக்க வேண்டும். நல்ல சம்பளத்தில் பிளாக்செயின், கிரிப்டோ நிறுவன வேலை என்று அழைத்து, ‘இந்தக் கோப்புறையை இறக்கி ஓட்டிப் பாருங்கள், ஒரு பிழை இருக்கிறது, திருத்துங்கள்’ என்று நேர்காணல் நடத்துகிற ஒரு முறை சில ஆண்டுகளாக உலகம் முழுக்க நடக்கிறது. வட கொரிய ஹேக்கர் குழுக்களே இதைச் செய்வதாகப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நிரலை ஓட்டிய மாத்திரத்தில் பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் கிரிப்டோ பணப்பையின் சாவிகளும் வெளியே போய்விடும். நோட் திட்டமாக இருந்தால் ‘பேக்கேஜ் டாட் ஜேசன்’ கோப்பில் ‘பிரீஇன்ஸ்டால்’, ‘போஸ்ட்இன்ஸ்டால்’, ‘பிரிப்பேர்’ வரிகள் இருக்கின்றனவா என்று ஓட்டுவதற்கு முன் பாருங்கள். சார்புத் தொகுப்புகளை நிறுவும்போதே அவை தானாக ஓடும். ஒரு வரி திரையைத் தாண்டி வலப்பக்கம் நீண்டு, வாசிக்க முடியாத எழுத்துக்குவியலாக இருந்தால் அதை விடாதீர்கள். விஎஸ் கோட் ‘இந்தக் கோப்புறையை நம்புகிறீர்களா’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றே கொடுத்து வாசியுங்கள். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சொந்தக் கடவுச்சொல் எதுவும் இல்லாத மெய்நிகர் கணினியில் ஓட்டுங்கள்.

இதன் இன்னொரு வடிவம்: காணொளி நேர்காணலுக்கான இணைப்பைத் திறந்ததும் ‘உங்கள் கேமரா வேலை செய்யவில்லை, சரிசெய்ய இந்தக் கட்டளையை டெர்மினலில் ஒட்டுங்கள்’ என்று வரும். ஒட்டாதீர்கள். எனிடெஸ்க் போன்ற தொலைக் கட்டுப்பாட்டுச் செயலியை ஏற்றச் சொன்னாலும் இதே பதில்தான்.

பணம் எந்தப் பக்கம் போகிறது

வேலை கொடுப்பவருக்கு நீங்கள் எதற்காகவும் பணம் அனுப்ப வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம், மென்பொருள் உரிமம், லேப்டாப் முன்பணம், பின்னணிச் சரிபார்ப்பு, திரும்பக் கிடைக்கும் வைப்புத்தொகை என்று பெயர் எதுவானாலும் சரி. விதிவிலக்கு ஒன்று உண்டு, புதியவர்கள் குழம்புவதும் இதில்தான்: தளங்கள் தமக்கான கட்டணத்தை வாங்கும். அப்வொர்க்கில் விண்ணப்பிக்க ‘கனெக்ட்ஸ்’ தேவை, தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஃபைவர் உங்கள் வருமானத்தில் 20 சதவீதம் எடுத்துக்கொள்ளும். இவை தளத்துக்குள்ளேயே நடப்பவை. வாடிக்கையாளரின் ஜிபே எண்ணுக்குப் போகாது.

‘டிடிஎஸ் கட்டினால்தான் பணம் விடுவிக்கப்படும்’ என்பது பொய். கொடுப்பவர் உங்கள் தொகையில் கழித்து, உங்கள் பான் எண்ணின் பேரில் அரசுக்குக் கட்டுவதே டிடிஎஸ். அதை வருமான வரித் தளத்தில் நீங்களே பார்க்கலாம். ‘பணம் பெற 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுங்கள்’ என்பதும் அப்படியே. யுபிஐயில் பின் போடுவது பணம் அனுப்பவும் இருப்பைப் பார்க்கவும்தான். வாங்குவதற்குப் பின் தேவையில்லை.

டெலிகிராம் ‘டாஸ்க்’ வேலையில் முதலில் பணம் உண்மையாகவே வரும். மூன்று லைக்குக்கு 150 ரூபாய் உங்கள் கணக்கில் விழும். அந்த 150 தூண்டில் இரை. பிறகு ஒரு குழுவில் சேர்ப்பார்கள். அங்கே பலர் ‘எனக்கு 28,000 வந்தது’ என்று ஸ்கிரீன்ஷாட் போட்டுக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்களுடைய ஆட்களே. அடுத்து ‘பிரீபெய்டு டாஸ்க்’: 1,000 கட்டினால் 1,300, 5,000 கட்டினால் 6,500. முதல் சுற்றில் திரும்பியும் வரலாம். தொகை ஏறியதும் ஒரு போலித் தளத்தில் உங்கள் லாபம் லட்சக்கணக்கில் தெரியும், ஆனால் எடுக்க முடியாது. தவறான பொத்தானை அழுத்திவிட்டீர்கள், கிரெடிட் ஸ்கோர் குறைந்துவிட்டது, வரி பாக்கி என்று ஒவ்வொன்றுக்கும் இன்னொரு தொகை கேட்பார்கள். போட்டதை மீட்க வேண்டும் என்ற தவிப்பில் நகையைப் பணயம் வைத்துக் கட்டுகிற கட்டம் இதுதான். திரையில் தெரியும் அந்த லாபம் வெறும் எழுத்து, எங்கும் பணமாக இல்லை. எவ்வளவு கட்டியிருந்தாலும் அந்த இடத்தில் நிறுத்துங்கள். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். பெற்றோர் முதலில் கோபப்படாமல் கேட்டால் அடுத்த தொகையாவது மிஞ்சும்.

படிவம் நிரப்பும் வேலையும் வக்கீல் நோட்டீஸும்

இதில் முன்பணம் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். ஐந்து நாளில் இத்தனை நூறு படிவம், 90 சதவீதத்துக்கு மேல் துல்லியம் வேண்டும், முடித்தால் இவ்வளவு என்று ஒரு ஒப்பந்தத்தில் ஆன்லைனில் கையெழுத்து வாங்குவார்கள். படிவத்தில் ‘ஓ’ எழுத்தா பூஜ்ஜியமா என்று பிரித்தறிய முடியாதபடி தரவு இருக்கும். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் துல்லியம் போதவில்லை என்றே முடிவு வரும். பிறகு ‘ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள், கட்டணம் கட்டுங்கள், இல்லையென்றால் நீதிமன்றம், கைது’ என்று வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வரும். வக்கீல் என்று ஒருவர் அழைப்பார்.

பயப்பட வேண்டாம். ஒப்பந்தப்படி வேலையை முடிக்கவில்லை என்பதற்காகப் போலீஸ் யாரையும் கைது செய்வதில்லை. அது உரிமையியல் விவகாரம். ஏமாற்றி வாங்கிய சம்மதத்தை ரத்து செய்ய 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இடம் தருகிறது. பணம் கட்டாதீர்கள், ஒருமுறை கட்டினால் அடுத்த ‘வழக்குச் செலவு’ வரும். நோட்டீஸையும் அழைப்பு விவரத்தையும் சேமித்துவைத்துப் புகார் கொடுங்கள். உண்மையான சம்மன் என்று சந்தேகம் இருந்தால், வழக்கு எண்ணைக் கேட்டு ‘இ-கோர்ட்ஸ்’ தளத்தில் தேடலாம்.

ஆதார், பான், வங்கிக் கணக்கு

ஒப்பந்தம் உறுதியாகும் வரை இவை எதுவும் வேண்டியதில்லை. பிறகும் ஆதாருக்குப் பதில் பான் போதும். ஆதார்தான் வேண்டும் என்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத் தளத்தில் இறக்கிக் கொடுங்கள். நகலின் மேல் பெறுபவர் பெயர், நோக்கம், தேதி எழுதுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று ‘சஞ்சார் சாத்தி’ தளத்திலும், கடன் ஏதும் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று சிபில் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தரும் அறிக்கையிலும் பாருங்கள்.

‘எங்கள் வாடிக்கையாளர்கள் உங்கள் கணக்கில் பணம் போடுவார்கள், கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்’ என்பது வேலையே இல்லை. வருவது வேறு யாரோ ஏமாந்த பணம். கணக்கை வாடகைக்குக் கொடுத்தவர் மீதே வழக்கு வரும். உங்கள் அப்வொர்க் கணக்கையோ லிங்க்ட்இன் கணக்கையோ மாத வாடகைக்குக் கேட்பதும் இதே ரகம்.

கூலியை வாங்கும் வழி

தளத்தில் நிலையான தொகைக்கு வேலை என்றால், வாடிக்கையாளர் பணத்தைத் தளத்திடம் முன்கூட்டியே கட்டிவைத்த பிறகே தொடங்குங்கள். கட்டியாயிற்றா என்பதை மின்னஞ்சலில் வந்த இணைப்பு வழியாகப் பார்க்காமல், நீங்களே தளத்தில் உள்நுழைந்து பாருங்கள். நேரடி வாடிக்கையாளர் என்றால் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, முதல் துண்டைச் சிறிதாக வைத்து, அதற்கான பணம் வந்த பின் அடுத்ததைக் கொடுங்கள். 30 முதல் 50 சதவீதம் முன்பணம் கேட்பதில் தவறில்லை. ‘அனுப்பிவிட்டேன்’ என்ற ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் வங்கிச் செயலியில் இருப்பைப் பாருங்கள்.

இந்தியாவுக்குள் கொடுப்பவர் பேபாலில் தருகிறேன் என்றால் ஏற்காதீர்கள். 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் இந்திய உள்நாட்டுப் பணமாற்றத்தை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வருவதற்கு மட்டுமே பயன்படும். வெளிநாட்டுப் பணம் வந்தால் வங்கியிடமோ, பணம் கொண்டுவந்த சேவையிடமோ அதற்கான வரவுச் சான்றை வாங்கி, ரசீதோடு சேர்த்து வையுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு பெயரும் பணம் வந்த கணக்கில் வேறு பெயரும் இருந்தால், அதைச் செலவழிக்கும் முன் விளக்கம் கேளுங்கள். பேசியதைவிட அதிகம் போட்டுவிட்டு ‘மீதியை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்றால் அனுப்பாதீர்கள். வந்த கணக்குக்கே திருப்பச் சொல்லி வங்கியில் எழுதிக் கொடுங்கள்.

‘அலுவலகத்துக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்’

வீட்டிலிருந்து செய்யும் டேட்டா என்ட்ரி வேலை என்று தொடங்கி, தாய்லாந்துக்கு டிக்கெட் போட்டுத் தருகிறோம் என்று முடிகிற அழைப்பை ஏற்காதீர்கள். சுற்றுலா விசாவில் இறங்கியவர்களை எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிக்கோ, வேறு வழியில் கம்போடியாவுக்கோ கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிவைத்து, இதே ஆன்லைன் மோசடியைச் செய்யவைக்கிறார்கள். 2025 மார்ச்சில் மட்டும் அங்கிருந்து 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டுக் கொண்டுவந்தார்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்டுக்கு 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமம் வேண்டும். ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பெயரைத் தேடலாம். நேரில் கேட்க, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அலுவலகம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது.

பணம் போய்விட்டால்

உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் ஐந்தாறு கணக்கு தாண்டிப் போய்விடும். சீக்கிரம் சொன்னால் நடுவில் எங்காவது நிறுத்த வாய்ப்பு உண்டு. யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம், பெற்றவரின் முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிந்து, ஒப்புகை எண்ணோடு வங்கிக் கிளைக்கும், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட சைபர் குற்றப் பிரிவுக்கும் போங்கள். அரட்டைகளை அழிக்காமல் முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள். அவர்கள் குழுவை அழித்துவிட்டால் உங்களிடம் உள்ளதே சான்று. ‘போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று பிறகு அழைப்பவர்களும் பெரும்பாலும் அதே கூட்டமே.

உங்களுக்குக் கூலியாக வந்தது யாரையோ ஏமாற்றிய பணம் என்று வேறு மாநிலப் போலீஸ் சொல்லி உங்கள் கணக்கு முடக்கப்பட்டிருந்தால், எந்தப் புகார் எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகைக்கு என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். சில சமயம் சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படி கேட்டுப் பெறலாம். ஒப்பந்தம், ரசீது, செய்து கொடுத்த வேலை, உரையாடல் ஆகியவற்றை ஒரே கோப்பாக்கி அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பி, நகலை வங்கியில் கொடுத்துக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.